சாகாமல் மறப்பது

ஜூலை. மொந்தேவீதேயோவில் குளிர்காலம்.
துறைமுகத்தைப் பார்த்த மூன்றாம் மாடியில்
நான்கு மேசை, ஒரு ஹீட்டர்,
இருநூற்றுப் பதின்மூன்று ஃபைல்கள்.
எந்தப் பெட்டியை எந்தக் கப்பலில் வைப்பதென்று
கிரேன்களுக்குச் சொல்லும் நிரல்.
அதில் ஒரு காற்புள்ளியை மாற்றினால்
நாற்பத்தொரு நிமிடம்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் கம்பைலர் புதிதாகப் பிறந்தது.
தன் பெயர் சொன்னது, பதிப்பு எண் சொன்னது,
அதே பதினொரு தலைப்பு ஃபைல்களை
முன்பின் பார்த்திராதது போல
முதல் எழுத்திலிருந்து வாசித்தது.
வட்டில் எதையோ எழுதி
எழுதியதைத் தானே திரும்பப் படித்து
அழித்துவிட்டுச் செத்தது.
அடுத்தது பிறந்தது.
தன் பெயர் சொன்னது.

வட்டு கறக் கறக்கென்று அரைக்கும்.
பிரவ்லியோ ஷூவுக்குப் பாலிஷ் போடுவான்.
நான் ஜன்னலில் நின்று
புவெனோஸ் ஐரிஸ் படகு கிளம்புவதைப் பார்ப்பேன்.
ஒதிலியா பெர்ருத்தி மட்டும்
கறக் கறக்குகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

எபெரின் தெர்மாஸ் உடைந்தது அந்த வாரம்தான்.
இந்த ஊரில் கக்கத்தில் தெர்மாஸ் இல்லாதவனை
உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள்.
அவர் ஒவ்வொரு வாய் மாத்தேக்கும்
எழுந்தார், நடைக்கூடம் கடந்தார்,
அடுப்பைப் பற்றவைத்தார், காத்திருந்தார்,
சுரைக்குடுக்கை அளவு வெந்நீரோடு திரும்பினார்,
உறிஞ்சினார், எழுந்தார்.

நான்காவது நடையில்
ஒதிலியா பேனாவைக் கீழே வைத்தாள்.
"எபெர், உங்கள் கம்பைலர் உங்களைப் போலவே இருக்கிறது."
அதை எழுதியவர் அவர்தான்.
ஒரு மணி நேரம் அவளோடு பேசவில்லை.

நினைவகத்தில் ஒரு மூலையைத் தடுத்து
அதுதான் வட்டு என்று இயந்திரத்தை நம்பவைத்தாள்.
தலைப்பு ஃபைல்கள் ஒருமுறை ஏறி
அங்கேயே உட்கார்ந்துகொண்டன.
கம்பைலரை வெளியே விடாமல்
ஃபைல் ஃபைலாக ஊட்டினாள்.

முதல் ஃபைல் சரி. இரண்டாவதும்.
ஏழாவதில் முரண்டு பிடித்தது:
இந்தப் பெயரை ஏற்கெனவே பார்த்தேன்.
பார்த்தது மூன்றாவது ஃபைலில்.
பன்னிரண்டாவதில் ஒரு கப்பலின் எடையைத் தூக்கி
இன்னொரு கப்பலில் ஏற்றியது.

எபெர் பிடரியைச் சொறிந்தார்.
"முடிந்ததும் செத்துவிடப் போகிறதே,
பாத்திரம் கழுவுவானேன் என்று விட்டுவிட்டேன்."

ஆக, இத்தனை வருடமும்
கழுவியது சாவு.
சாகத் தெரிந்திருந்தது அதற்கு.
மறக்கத்தான் தெரியவில்லை.

மூன்று இரவு இருவரும் உட்கார்ந்தார்கள்.
ஒவ்வொரு பட்டியலாக, ஒவ்வொரு எண்ணியாக:
இது இருக்கட்டும், இது போகட்டும்.
பதினொரு தலைப்புகள் இருக்கட்டும்.
பக்கத்து ஃபைலின் பெயர்கள் போகட்டும்.
ஒரு எண்ணிக்காகச் சண்டைகூட வந்தது.
வைத்துக்கொள்ளச் சொன்னது யார்,
துடைக்கச் சொன்னது யார்,
இப்போது இருவருக்கும் ஞாபகமில்லை.

வெள்ளிக்கிழமை.
மூன்று நிமிடம் இருபது நொடி.
வட்டு கடைசியில் ஒரே ஒரு தரம் முனகியது.
பிரவ்லியோ ஒற்றை ஷூவோடு நின்றான்.
நான் ஜன்னலை எட்டுவதற்குள்
பிழைப் பட்டியல் வந்துவிட்டது,
முதல் வரியில் என்னுடையது.
நாற்பது நிமிடம் கழித்துத் தெரிய வேண்டிய முட்டாள்தனம்.

மாலையில் பம்பேரோ காற்று வீசியடித்து
துறைமுகமே இருண்டது.
நினைவகத்து வட்டு சுவடில்லாமல் போயிற்று.
"ஐயோ" என்றேன் நான்.
இருட்டில் ஒதிலியா சிரிப்பது கேட்டது.
"நாம் எழுதியதெல்லாம் நிஜ வட்டில் இருக்கிறது.
போனது மூன்று நிமிடம்.
சரி, இருபது நொடியும்."

எபெர் புதிய தெர்மாஸைத் திருகும் சத்தம்.
காலையில் போட்ட அதே இலைமேல்
வெந்நீர் ஊற்றி
கை தடவிக் குடுக்கையை எனக்கு நீட்டினார்.
கசப்பெல்லாம் இறங்கிப்போய்
வெறும் சூடு மட்டும் இருந்தது.
இலையை மாற்றியிருக்க வேண்டும்.
நான் சொல்லவில்லை.
குடித்துவிட்டு அடுத்த கையில் கொடுத்தேன்.